ஹட்டனிலிருந்து லண்டன், டொரண்டோ, டோஹா: வான்தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்குப் போடும் முறை

கொழும்பு–லண்டன் நேரடி விமானத்தின் டிக்கட்டில் ஏறக்குறைய 11 மணி நேரம் என்று இருக்கும். மஸ்கெலியாவில் ஒரு லயத்து வாசலிலிருந்து லண்டனில் ஒரு வீட்டு வாசல் வரை கணக்கெடுத்தால் அது 23 மணி நேரமாகிவிடும். விமானம் பறக்கும் நேரத்தைச் சொல்ல இணையத்தில் எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. மிச்சம் 12 மணி நேரத்தை யாரும் கணக்குப் போட்டுத் தருவதில்லை. மலையகத்திலிருந்து போகிறவர்கள் விமானத்தைத் தவறவிடுவதும், வெளிநாட்டு உறவினர் தவறான நாளில் விமான நிலையத்துக்கு வந்து நிற்பதும் அந்த 12 மணி நேரத்தில்தான். இரண்டு பகுதியையும் இங்கே சேர்த்தே போட்டுப் பார்ப்போம்.

முதலில் தூரம்

சுவரில் தொங்கும் தட்டையான உலகப்படத்தில் அடிமட்டம் வைத்து அளக்கக் கூடாது. உருண்டையான பூமியில் இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை, தட்டைப் படத்தில் வளைந்துதான் தெரியும். பாடசாலையில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இலங்கையில் ஒரு முனையையும் லண்டனில் மறுமுனையையும் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் எந்த வழியாகப் படிகிறதோ அதுதான் குறுகிய பாதை. நூலின் நீளத்தை அந்த உருண்டையின் நடுக்கோட்டுச் சுற்றளவோடு ஒப்பிட்டு, நடுக்கோட்டை 40,000 கிலோமீற்றர் என்று வைத்துப் பெருக்கினால் தூரம் ஓரளவுக்குக் கிடைக்கும்.

சரியாக வேண்டுமென்றால் போனில் உள்ள விஞ்ஞானக் கணிப்பான் போதும். நகரத்தின் நடுவை எடுக்காமல் விமான நிலையத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் எடுங்கள். கட்டுநாயக்க வடக்கு 7.18, கிழக்கு 79.88. லண்டன் ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45. இனி கணக்கு:

1. நெட்டாங்கு வித்தியாசம்: ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் கூட்ட வேண்டும். 79.88 + 0.45 = 80.33.
2. சைன் 7.18 × சைன் 51.47 = 0.0978.
3. கோசைன் 7.18 × கோசைன் 51.47 × கோசைன் 80.33 = 0.1038.
4. இரண்டையும் கூட்டினால் 0.2016. அதன் நேர்மாறு கோசைன் (கணிப்பானில் cos⁻¹) 78.37 பாகை.
5. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீற்றர். 78.37 × 111.2 = ஏறக்குறைய 8,715 கிலோமீற்றர்.

பிழை வரும் இடங்கள் மூன்று. கணிப்பான் பாகையில் (டிகிரி) இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருப்பது முதலாவது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: எவ்வளவு தூர நகரத்தைப் போட்டாலும் விடை 350 கிலோமீற்றரைத் தாண்டாது. இரண்டாவது, பாகையும் கலையுமாக எழுதியதைத் தசமம் என்று எடுப்பது. 7 பாகை 11 கலை என்பது 7.11 ஆகாது, 11ஐ 60ஆல் வகுத்து 7.18 என்று எழுத வேண்டும். மூன்றாவதுதான் பெரிய பிழை: கிழக்கையும் மேற்கையும் கூட்டாமல் கழிப்பது. லண்டனுக்கு இதனால் சுமார் 60 கிலோமீற்றர்தான் பிசகும், கண்ணில் படாது. டொரண்டோவின் நெட்டாங்கு மேற்கு 79.63. அதைக் கழித்துவிட்டால் வித்தியாசம் கால் பாகையாகச் சுருங்கி, 14,000 கிலோமீற்றர் வரவேண்டிய இடத்தில் 4,060 கிலோமீற்றர்தான் வரும்.

இதே முறையில் கட்டுநாயக்கவிலிருந்து டோஹா 3,610, மெல்பேர்ன் 8,360, சென்னை 650 கிலோமீற்றர் அளவில் வரும். லண்டன் தூரத்தைச் சில தளங்கள் 5,415 என்றும் சில 4,700 என்றும் காட்டும். முன்னது சாதாரண மைல், பின்னது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கோடு ஒரு வழி, விமானம் ஒரு வழி

8,715 என்பது குறைந்தபட்சத் தூரம். அந்தக் கோட்டை உருண்டையில் தொடர்ந்து பார்த்தால் அரபிக் கடல், ஈரான், கருங்கடல், உக்ரைன் என்று போகும். உக்ரைனின் வான்பரப்பு 2022 பெப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ஈரான் பக்கம் பதற்றம் கூடும் நாட்களில் அதையும் விலக்கிச் சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே விமானங்கள் தெற்கே வளைந்தே போகின்றன. சில நூறு கிலோமீற்றர் கூடுவது வழமை. 2025 ஜூன் 23 இரவு கட்டார் தன் வான்பரப்பைச் சில மணி நேரம் மூடியபோது டோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்கள் வேறு இடங்களில் இறங்க வேண்டியதாயிற்று. வளைகுடா வழியாகப் போகிறவர்கள் புறப்படும் நாளில் செய்தி பார்ப்பது நல்லது.

நடுவில் இறங்கி மாறினால் தூரம் மிகவும் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இறங்கும் இடம் பாதையோரமாக இருந்தால் தூரம் அவ்வளவாகக் கூடுவதில்லை. டோஹா–லண்டன் 5,240 கிலோமீற்றர். கொழும்பு–டோஹாவையும் சேர்த்தால் 8,850. நேர்கோட்டை விட 140 கிலோமீற்றர்தான் அதிகம். டொரண்டோவுக்கு லண்டன் வழியாகப் போனாலும் 14,420 கிலோமீற்றர்தான். நேர்கோட்டை விட 430 கூட. டொரண்டோவின் நேர்கோடு மத்திய ஆசியா, ரஷ்யா என்று ஏறி, 70 பாகைக்கும் மேலே வடக்கே போய், கனடாவின் வடக்கிலிருந்து இறங்குகிறது. நூல் வைத்துப் பார்த்தால்தான் இது நம்பும்படி இருக்கும். இடைமாற்றத்தில் கூடுவது தூரத்தை விடக் காத்திருப்பு நேரம்தான்.

தூரத்தை மணியாக்குதல்

நீண்ட தூர ஜெட் விமானம் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்தபின் மணிக்கு 900 கிலோமீற்றரை ஒட்டிப் பறக்கும். ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றையும் சேர்த்தால் சராசரி குறையும். கைக்கணக்குக்கு இந்த வழி நன்றாக ஒத்துவரும்: கிலோமீற்றரை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். மேற்கே போகும் நீண்ட பயணமென்றால் இன்னும் கால் மணி முதல் முக்கால் மணி வரை கூட்டுங்கள். கிழக்கே திரும்பும் பயணத்தில் அதே அளவு கழியுங்கள்.

ஏன் இந்தத் திசை வித்தியாசம்? விமானம் பறக்கும் 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், குறிப்பாக இந்தியாவுக்கு வடக்கேயும் ஐரோப்பாவின் மேலும், மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்றோட்டம் உண்டு. குளிர்காலத்தில் அது இன்னும் பலக்கும். போகும்போது முகத்தில் அடிக்கிறது, வரும்போது முதுகில் தள்ளுகிறது. லண்டனுக்கு 8,715ஐ 850ஆல் வகுத்தால் 10 மணி 15 நிமிடம். அரை மணி கூட்டினால் 10.45, காற்றுக்கும் வளைவுக்கும் சேர்த்து 11 மணி. திரும்பும்போது 10 மணி 15 நிமிடம் அளவில் வரும். சென்னை போன்ற குறுகிய, வடக்கு–தெற்குப் பயணத்தில் காற்றின் பங்கு சிறியது. ஆனால் ஏறுவதும் இறங்குவதுமே நேரத்தில் பெரும்பங்கு என்பதால் கணக்குக்கு மேலே 10 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கட்டில் அச்சிட்ட நேரம் விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறு முனையில் தரிப்பிடத்தில் நிற்பது வரை. ஆகாயத்தில் இருப்பது அதை விட 20, 30 நிமிடம் குறைவு. அரை மணி தாமதமாகப் புறப்பட்ட விமானம் சில நாட்களில் சொன்ன நேரத்துக்கே போய்ச் சேர்வதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

கடிகாரமும் திகதியும்

டிக்கட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். இதை மறந்துவிட்டு, இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தைக் கழித்தால் தவறான விடைதான் வரும். டோஹா நமக்கு 2 மணி 30 நிமிடம் பின்னால். அதிகாலை 3 மணிக்கு ஏறி 5 மணி நேரம் பறந்தால் நம் நேரம் காலை 8, டோஹாவில் 5.30. டிக்கட்டைப் பார்த்தவர் இரண்டரை மணிப் பயணம் என்பார். திரும்பி வரும்போது 4 மணி 45 நிமிடப் பயணம் கடிகாரத்தில் ஏழேகால் மணி நேரமாகத் தெரியும்.

எப்போதும் ஒரே ஒழுங்கில் செய்யுங்கள்: ஏறும் நேரத்தை இலங்கை நேரமாக எழுதுங்கள், பயண மணிகளையும் காத்திருப்பையும் கூட்டுங்கள், கடைசியில் ஒரே ஒரு தடவை போகும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். நடுவில் மாற்றவே வேண்டாம்.

இலங்கை 2006 ஏப்ரல் முதல் கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் நிற்கிறது. ஆண்டு முழுவதும் அதேதான். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். குவைத், ரியாத், டோஹா மூன்றும் இரண்டரை மணி பின்னால். இவை மாறாது. லண்டன் மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை நான்கரை மணி பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை. டொரண்டோ மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி பின்னால், பிறகு பத்தரை. மெல்பேர்ன் முன்னால் நிற்கும்: ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை, மற்றபடி நான்கரை. மார்ச்சிலும் ஒக்டோபர், நவம்பரிலும் டிக்கட் எடுப்பவர்கள் பயண நாளின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். டிக்கட் எடுக்கும் நாளின் வித்தியாசம் உதவாது.

டொரண்டோவை ஒரு உதாரணமாகப் போடலாம். 12ஆம் திகதி அதிகாலை 3.30க்குக் கட்டுநாயக்கவில் ஏறி, வளைகுடாவுக்கு 5 மணி, அங்கே காத்திருப்பு 3 மணி, பிறகு 14 மணி. மொத்தம் 22 மணி. நம் நேரத்தில் 13ஆம் திகதி அதிகாலை 1.30. குளிர்காலமென்றால் பத்தரை மணி கழியுங்கள்: டொரண்டோவில் 12ஆம் திகதி பிற்பகல் 3 மணி. கூட்டிப் போக வரும் உறவினரிடம் 13 என்று சொன்னால் அவர் ஒரு நாள் பிந்தித்தான் வருவார். அங்குள்ளவர்களுக்கு அவர்கள் ஊர்த் திகதியையும் நேரத்தையும் விமான இலக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். டிக்கட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் அது மறுநாள் என்று பொருள்.

இதை விடப் பாரதூரமான திகதிப் பிழை புறப்படும் பக்கத்தில் நடக்கிறது. வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவு தாண்டிப் புறப்படுபவை. டிக்கட்டில் 12ஆம் திகதி 00.40 என்று இருந்தால் 11ஆம் திகதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்குவது 11ஆம் திகதி பகல். 12ஆம் திகதி காலையில் பை கட்டத் தொடங்கினால் விமானம் போய்ப் பல மணி நேரமாகியிருக்கும். டிக்கட் கையில் வந்தவுடன் வீட்டு நாட்காட்டியில் விமான நாளைக் குறிக்காமல் வீட்டை விட்டு இறங்கும் நாளைக் குறித்து வையுங்கள்.

இடைமாற்றம்

ஒரே பதிவில் இரண்டு விமானமும் இருந்தால் பொதி கடைசி ஊர் வரை போகும். முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டாலும் நிறுவனம் வேறு விமானத்தில் ஏற்றிவிடும். தனித்தனி டிக்கட் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் நடுவில் பொதியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு வீசா வேண்டியிருக்கலாம். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது டிக்கட்டின் பணம் போனதுதான். முதல் தடவை வெளிநாடு போகிறவருக்குத் தனித்தனி டிக்கட் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

ஒரே பதிவில் 2 மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி இருக்கட்டும். 3 மணி இருந்தால் நிம்மதி. லண்டனில் மாறுவதென்றால் இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றா என்று பாருங்கள். ஹீத்ரோவில் இறங்கி கட்விக்கில் ஏற வேண்டுமென்றால் நகரத்தைச் சுற்றிச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். ஷெங்கன் நாடுகளின் (பொது வீசா உள்ள ஐரோப்பிய நாடுகளின்) விமான நிலையங்களில் வெளியே வராமல் மாறுவதற்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இடைவழி வீசா கேட்பார்கள். கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியான வீசா உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பெயருக்கு எது பொருந்தும் என்று விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து கட்டுநாயக்க வரை

ஹட்டனுக்கும் கட்டுநாயக்கவுக்கும் வான்வழியாக 86 கிலோமீற்றர். வீதியில் 130ஐத் தாண்டும். நேரம் நான்கரை மணி, அதாவது டோஹாவுக்குப் பறக்கும் நேரத்துக்குச் சற்றே குறைவு. மொத்தப் பயணத்தில் முன்கூட்டிச் சொல்ல முடியாத துண்டு இதுதான். திட்டமிடுவதற்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கண்டியிலிருந்து மூன்றரை மணி, ஹட்டனிலிருந்து நான்கரை, நுவரெலியாவிலிருந்து ஐந்தரை, பண்டாரவளையிலிருந்து ஆறரை, பதுளையிலிருந்து ஏழரை. இது வேனுக்கு. பஸ்ஸில் கொழும்புக்குப் போய் அங்கிருந்து 187ஆம் இலக்க பஸ் எடுப்பதென்றால் இன்னும் 2 மணி கூட்டுங்கள். தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்குவதைத் தனியாகக் கூட்ட வேண்டும். மஸ்கெலியா, பொகவந்தலாவை மேல் டிவிஷன்களிலிருந்து ஹட்டன் வரவே ஒரு மணிக்குக் குறையாது. மழைக்குப் பின் தோட்டப் பாதையில் வேன் ஏறுமா என்று முதல் நாளே ஓட்டுநரிடம் கேளுங்கள்.

ஹட்டன் பக்கத்தார் கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று ஏ7 வீதியில் இறங்கி, கடுவெலையில் வெளிச்சுற்று அதிவேக வீதிக்கு ஏறி, கெரவலப்பிட்டியில் கட்டுநாயக்க அதிவேக வீதிக்கு மாறினால் கொழும்பு நெரிசலுக்குள் போகவே தேவையில்லை. ஏ7இல் மண் சரிந்தால் கினிகத்தேனையிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று ஏ1க்குப் போய், நிட்டம்புவையிலிருந்து வேயாங்கொடை, மினுவாங்கொடை வழியாக வரலாம். 2 மணி கூடும். கடுகண்ணாவையிலும் மண்சரிவு உண்டு. பதுளை, பண்டாரவளைக்காரருக்கு ஏ4 வீதி ஹல்துமுல்லைப் பக்கம் அடைபட்டால், எல்ல, வெல்லவாய வழியாக மத்தளைக்கு இறங்கித் தெற்கு அதிவேக வீதியில் ஏறலாம். சுற்று பெரிது, ஆனால் மத்தளையிலிருந்து கட்டுநாயக்க வரை அதிவேக வீதி தொடர்ந்தே இருக்கிறது.

காலத்தைப் பார்த்து இடைவெளியைக் கூட்டுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை மழை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கச் சரிவுகளில். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளைப் பக்கம். ஒக்டோபர், நவம்பரில் எல்லாப் பக்கமும், அதுவும் பிற்பகலில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக வீதிகளையும் ரயில் பாதையையும் ஒரே நேரத்தில் துண்டித்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் வழியில் உள்ள ஏதாவது பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் ஒரு நாள் முன்னதாகவே இறங்கி, நீர்கொழும்பிலோ கொழும்பிலோ தங்குங்கள். அறை வாடகை ஒரு விமான டிக்கட்டை விட எவ்வளவோ மலிவு. வீதி திறந்திருக்கிறதா என்று அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்துக் கேட்கலாம்.

மழையில்லாத நாளிலும் நெரிசல் உண்டு. சிவனொளிபாத மலை சீசனில் போயா விடுமுறைகளில் மஸ்கெலியா–ஹட்டன் வீதி ஊர்ந்துதான் நகரும். ஏப்ரலில் நுவரெலியா சீசன். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முன்னும் பின்னும் பஸ்ஸில் இடமே கிடைக்காது. விமான நாளில் ரயிலை நம்ப வேண்டாம்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

மதியம் 1 மணி லண்டன் விமானம் என்று வைப்போம். 3 மணி நேரம் முன்னதாக, 10 மணிக்கு நிலையத்தில் நிற்க வேண்டும். கட்டுநாயக்கவில் உள்ளே நுழையும்போதே பொதிகளைப் பரிசோதிப்பார்கள். பிறகு பொதி ஒப்படைப்பு, குடிவரவு, கடைசியில் மறுபடி ஒரு பரிசோதனை. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே பொதி கவுண்டரைப் பொதுவாக மூடிவிடுவார்கள். அதற்குப் பின் ஓடி வந்து பயனில்லை. வேலைக்குப் போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவுக் கடதாசிகளைக் கைப்பையில் மேலாகவே வைத்திருக்க வேண்டும்.

10 மணியிலிருந்து ஹட்டன் வீதிக்கு நான்கரை மணி, எதிர்பாராததற்கு ஒரு மணி கழித்தால் 4.30. மஸ்கெலியாவிலிருந்து வர ஒரு மணி: அதிகாலை 3.30க்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். 1 மணிக்கு ஏறி 11 மணி பறந்தால் நம் நேரம் நள்ளிரவு 12, லண்டனில் குளிர்காலத்தில் மாலை 6.30. குடிவரவுக்கும் பொதிக்கும் ஒன்றரை மணி, வீட்டுக்கு ஒரு மணி: இரவு 9. நம் நேரம் மறுநாள் அதிகாலை 2.30. 3.30இலிருந்து 2.30 வரை 23 மணி நேரம்.

விமானம் அதிகாலை 3 மணிக்கு என்றால் இதே கணக்கு முந்திய நாள் மாலை 5.30க்கு இறங்கச் சொல்லும். கணக்கு சரி, ஆனால் கினிகத்தேனை வளைவுகளில் இருட்டிலும் மாலை மழையிலும் இறங்க வேண்டிவரும். பகல் 1 மணிக்கே புறப்பட்டுவிடுங்கள். வெளிச்சத்தில் கித்துல்கலையைத் தாண்டியபின் எவ்வளவு நேரம் நிலையத்தில் காத்திருந்தாலும் பரவாயில்லை. வளைவுப் பாதையில் வாந்தி வருபவர்களுக்கு முன் ஆசனம் கொடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம்.

திரும்பி வருவதற்கும் இதே முறைதான். லண்டனில் குளிர்காலத்தில் இரவு 8.30க்கு ஏறினால் நம் நேரம் அதிகாலை 2. பத்தேகால் மணி கூட்டினால் பகல் 12.15. வெளியே வர 1.30 ஆகும். ஹட்டனுக்கு மாலை 6 மணிக்கும் பதுளைக்கு இரவு 9க்கும் போய்ச் சேரலாம். கூட்டிப் போகும் வேனின் ஓட்டுநர் அன்று காலை மலையிலிருந்து இறங்கி வந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். பதுளைப் பயணத்துக்கு இரண்டாவது ஓட்டுநர் இல்லையென்றால் அன்றிரவு வழியில் தங்கி, காலையில் ஏறுங்கள்.